கச்சேரி வீதியின் பன்னிரண்டு அடி

கதிர்வேலுவை அழித்த மறுநாள் காலையில் கச்சேரி வீதி பன்னிரண்டு அடி நீண்டுபோயிருந்தது.

அழித்தது ஆளை அல்ல. ஆள் ஓசூரில் ஒரு கம்பெனி குவார்ட்டர்ஸில் சௌக்கியமாகத்தான் இருந்தான். விவாகரத்து ஆகி ஒன்றரை வருஷம் ஆன பிறகும் சாந்தாமணியின் கம்ப்யூட்டருக்குள் அவன் விட்டுப்போயிருந்த இரண்டாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தை, அந்த ஓ.எஸ்ஸைத்தான் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழித்தாள். பவானியிலிருந்து அரைமணி நேரம் பஸ்ஸில் போனால் வருகிற அந்த ஊரில் நாற்பது மைல் சுற்றளவுக்குக் கல்யாண வீடியோ என்றால் சாந்தாமணிதான், எடுப்பதும் அவள்தான், வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுக் கொடுப்பதும் அவள்தான். அந்த வேலையெல்லாம் நடக்கிற ஒரே மெஷினின் வயிற்றைக் கல்யாணமான புதிதில் கதிர்வேலு சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் அவளுடைய ஓ.எஸ்ஸையும் மறுபாதியில் தன்னுடையதையும் குடிவைத்திருந்தான். மெஷினைப் போட்டால் கறுப்புத் திரையில் இரண்டு பேரும் வரிசையாக வருவார்கள். மேலே அவன், கீழே இவள். பத்து விநாடிக்குள் கீழே தள்ளி இவளைத் தேர்ந்தெடுக்கவில்லையென்றால், வாசலில் யாரோ கூப்பிடுகிறார்களே என்று எட்டிப்பார்த்துவிட்டு வருவதற்குள் மெஷின் அவன் பக்கம் போய்த் திறந்துகொள்ளும், மறுபடியும் அணைத்து மறுபடியும் போடவேண்டும். அந்தப் பாதியில் அவன் செஸ் ஆடினான். வேறொன்றும் செய்யவில்லை.

குடும்பக் கோர்ட்டில் ஜட்ஜ் அம்மா கேட்டபோதும் அவள் இதைத்தான் சொன்னாள். குடிக்கிறாரா என்றார்கள், இல்லீங்க என்றாள். அடிக்கிறாரா என்றார்கள், இல்லீங்க என்றாள். பின்னே என்னம்மா உன் குறை என்று கேட்டதற்கு, "எடத்த அடைச்சுக்கிட்டு இருக்கறாருங்க" என்றாள். கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அழிக்கவேண்டிய அவசரம் வந்தது, சமீபத்தில் இவள் கல்யாண வீடியோ எடுத்த மோகனப்பிரியாவால். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி ஒன்பதாம் நாள் அவள் அப்பா, மஞ்சள் மண்டி நாச்சிமுத்து, காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள் காரியம். அதற்கு முந்திய சனிக்கிழமை அவள் கடைக்கு வந்து, புதுத் தாலியின் மஞ்சள் கழுத்தில் ஒட்டியிருக்க, கண்ணாடி டேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அம்மா ஒண்ணு சொல்லியுட்டாங்க. காரியத்தன்னிக்கு எங்க கல்யாண வீடியோவ ஊட்டுல போடோணுமாம். அப்பா வர்ற எடத்துல மட்டும் ஒண்ணும் வெட்டிராதீங்களாம். நெழல் வந்தாக்கூட இருக்கட்டுமாம்."

"அவரு எங்க கண்ணு கேமராவுல நின்னாரு? திருப்புனா கையக் கொண்டு மறைச்சாரு. என்னைய எடுக்காதீங்க, புள்ளைய எடுங்கன்னு."

"அந்தக் கையும் இருக்கட்டும்க்கா."

சாந்தாமணி எதையும் வெட்டாமல் ஏழு மணி நேரத்துக்குப் படத்தைக் கோர்த்து, ஒரே படமாக வெளியே எடுக்க எக்ஸ்போர்ட் போட்டாள். தொண்ணூற்றொன்று சதவீதத்தில் நின்றது. இடம் போதவில்லை என்றது. பழைய கல்யாணங்கள் நாலை அழித்துவிட்டு மறுபடியும் போட்டாள், மறுபடியும் தொண்ணூற்றொன்று. வெளியே மாட்டுகிற டிஸ்க் ஒன்றைச் செருகிப் பார்த்தாள், அது நகர்ந்த வேகத்துக்கு வருகிற மாசம்தான் முடியும் போலிருந்தது. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிடக்கூடப் போகாமல், மெஷினின் மறுபாதியைத் திறந்து பார்க்காமலேயே, ஒரு ரைட் கிளிக்கில் கதிர்வேலுவை ஒழித்தாள். உறுதியாகத்தானா என்று கேட்டது. உறுதியாகத்தான் என்று அழுத்தினாள்.

அணைத்துப் போட்டபோது மெஷின் வரவில்லை. கறுப்புத் திரையில், கதவு திறக்கிற ஆளைக் காணோம் என்கிற அர்த்தத்தில் ஒரு வரி மட்டும் நின்று மினுக்கியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்வீஸ் கடை வைத்திருந்த பிரகதீஸ் பென் டிரைவோடு வந்தான்.

"அக்கா, வாசக்கதவப் போட்டதே அவருதான். அவர அழிச்சீங்க, கதவும் சேந்து போயிருச்சு."

"போகும்போதுகூட ஒழுங்காப் போகாது அது," என்றாள் சாந்தாமணி.

ஒரு மணி நேரம் போராடி அவன் புதுக் கதவு வைத்தான். உள்ளே போய்ப் பார்த்தால் கதிர்வேலு இருந்த பாதி, கறுப்புப் பட்டையாக, ஒதுக்கப்படாத இடம் என்ற பேரோடு, கண்ணெதிரே சும்மா கிடந்தது. இருநூற்று ஐம்பது என்று பேர். காட்டியது இருநூற்று முப்பத்திரண்டு ஜிபி. அதை இவள் பாதியோடு சேர்க்கிற பொத்தான் மட்டும் சாம்பல் பூத்து, அழுத்த அழுத்த அழுந்தாமல் இருந்தது.

"நடுவுல ஒண்ணு குந்தியிருக்குதுக்கா," என்று பிரகதீஸ் திரையில் விரல் வைத்தான். இரண்டுக்கும் இடையே நூல் மாதிரி ஒரு பட்டை. "மெஷின் என்னைக்காச்சும் விழுந்தா பழையபடி எழுப்பறதுக்கு இதுக்குள்ள எல்லாம் ஒரு செட்டு வெச்சிருக்குது. இதத் தாண்டி ஒட்டாது. பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான் சேரும்."

"அழிச்சுரு."

"அழிச்சம்னா நாளைக்கு விழுந்துச்சுன்னா எந்திரிக்காதுக்கா. நகத்திப் பாக்கலாம், அதுவும் மாட்டேங்குது."

இவ்வளவு இடத்தைக் காலிபண்ணியும் ஒரு விரல்கடை கூடத் தன் பக்கம் வரவில்லையே என்ற ஆத்திரத்தோடு அவள் கடையைப் பூட்டிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தபோதுதான் வீதி நீண்டிருந்தது.

அவள் கடையும், அதற்கடுத்து எப்போதும் பூட்டியே கிடக்கிற மூன்றடிச் சின்ன அறையும், அதற்கடுத்து அன்வர் பாயின் தையல்கடையும் ஒரே சுவர் வரிசையில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. இப்போது சின்ன அறைக்கும் தையல்கடைக்கும் நடுவே பன்னிரண்டு அடிக்கு வெற்றிடம். கூட்டிப் பெருக்கிய மாதிரி சிமெண்டுத் தரை, மேலே வானம். சுவரில் விரிசல் இல்லை, ஓடு ஒன்று நகரவில்லை. எதிர்ச்சாரி மட்டும் நீளாததால், முப்பது வருஷமாக மருந்துக்கடைக்கு நேர் எதிரே இருந்த அன்வர் பாய் இப்போது மாவு மில்லுக்கு எதிரே இருந்தார். சட்டை அளவு கொடுக்க வந்தவர்கள் மருந்துக்கடைக்கு எதிரே நின்று, பாய் எங்கே போனார் என்று கேட்டு, அக்கட்டால போங்க, அக்கட்டால போங்க என்று நாலு பேர் கைகாட்டப் போனார்கள்.

"சாந்தாமணிம்மா, நீங்க எதையோ அழிச்சீங்களாமா?" என்றார் அன்வர் பாய். கோபமாக இல்லை, ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே கேட்டார். "எனக்குப் பஸ் ஸ்டாண்டு பன்னெண்டு அடி தூரமாப் போச்சு."

"எனக்கு மட்டும் கிட்டயா வந்துச்சு பாய்?"

அந்த ஊர் அதிசயங்களைப் பார்த்து வாய் பிளக்கிற ஊர் இல்லை. இடம் வந்திருக்கிறது என்றால் அதில் என்ன செய்யலாம் என்று பார்க்கிற ஊர். பத்து மணிக்கு ஒரு நாய் வந்து நடுவில் படுத்தது. பதினொன்றுக்கு மாவு மில்லுக்காரர் மக்காச்சோளத்தைக் கொட்டி விரித்தார். மத்தியானம் வெயிலுக்கு இரண்டு ஆட்டோ வந்து நின்றது, பொழுதோடு நாலானது. அன்வர் பாய், நான்தானே தள்ளிப்போனவன் என்கிற நியாயத்தில், காஜா போடுகிற மேசையையும் பெஞ்சையும் எடுத்து வெளியே போட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமை பூக்காரம்மா வந்தாள், இளநீர் வண்டி வந்தது, கிளி ஜோசியக்காரர் வந்து ஈசானிய மூலை எது என்று விசாரித்து அந்த மூலையைப் பிடித்தார். சர்வேயர் வந்து டேப் பிடித்து இருநூற்று முப்பத்திரண்டு சதுர அடி என்று எழுதி, இதற்குப் புல எண் இல்லை, ஆகையால் இது இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, இல்லாத இடத்தில் நின்று ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போனார். யாருக்கும் ஒதுக்காத இடம் எல்லோருக்கும் சொந்தம் என்றார் வார்டு கவுன்சிலர் சின்னராசு. எல்லோருக்கும் என்றால் அவருக்கு முதலில் என்று அர்த்தம்.

சாந்தாமணி கடைக்குள் உட்கார்ந்துகொண்டு திரையில் தொண்ணூற்றொன்றில் நின்ற சிவப்புக் கோட்டையும் சாம்பல் பொத்தானையும் மாறிமாறிப் பார்த்தாள். வெளியிலிருந்து மக்காச்சோளத்தின் மணமும் ஆட்டோக்காரர்களின் சிரிப்பும் வந்தன. பதினொரு வருஷம் ஒருத்தன் அடைத்துக்கொண்டிருந்த இடம். அவள் வாதாடி, வழக்காடி, ஊரெல்லாம் பேசப் பேசக் காலிபண்ணிய இடம். அதில் நாய்க்கு இடம் இருந்தது, கிளிக்கு இடம் இருந்தது, அவளுடைய ஒரு கல்யாணத்துக்கு இடம் இல்லை. மோகனப்பிரியா நாளுக்கு மூன்று தடவை போன் பண்ணினாள். முடிஞ்சுரும் கண்ணு, முடிஞ்சுரும் கண்ணு என்று இவள் ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

புதன்கிழமை அவள் கட்டடத்துக்காரி ருக்மணியம்மாவைப் பார்க்கப் போனாள். அந்த மூன்றடி அறை அவருடையது. கட்டடத்தைக் கட்டிய மாமனார், என்றைக்காவது இது இடிந்தால் அச்சு மாறாமல் திரும்ப எழுப்பவேண்டும் என்று, ஒரு கதவு, ஒரு ஜன்னல், இருநூறு ஓடு, ஒரு கடப்பாரை, படம் வரைந்த துணி எல்லாவற்றையும் அதில் வைத்துப் பூட்டிவிட்டுச் செத்துப்போயிருந்தார். நாற்பது வருஷமாக யாரும் திறக்கவில்லை.

"அம்மா, அந்த ரூமை அக்கட்டால நகத்திக் கட்டிக்கலாம்ங்க. பாய் கடை ஓரமா. நடுவுல அது இருக்கறதுனாலதான் என்ற எடம் என்கிட்ட ஒட்டமாட்டீங்குது."

"கட்டடம் விழுந்தா அதுலருந்துதான் எந்திரிக்கோணும் சாந்தாமணி."

"கட்டடந்தான் விழுகுலீங்களே."

"அது இருக்கறதுனாலதான் விழுகுல."

ருக்மணியம்மா மோர் கொடுத்தார். சாந்தாமணி அதைக் குடிக்காமல் எழுந்து, படியிறங்கும்போது திரும்பி, "ஏனுங்கம்மா, ஒருத்தி தன்னோட எடத்தத் தான் எடுத்துக்கறதுக்கு இத்தன பேருகிட்டக் கேக்கோணுமா?" என்றாள். ருக்மணியம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வியாழக்கிழமை விடிந்தபோது சாந்தாமணிக்கு ஆத்திரத்திலேயே வழி தெரிந்தது. இடம் மெஷினிடம் வரவில்லை என்றால் மெஷின் இடத்துக்குப் போகட்டும். அவளும் பிரகதீஸும் டேபிளோடு மெஷினைத் தூக்கி, ஒயரைத் தரையெல்லாம் இழுத்து, மக்காச்சோளத்துக்கு நடுவே கொண்டுபோய் வைத்துப் போட்டார்கள். பிரகதீஸ் ரைட் கிளிக் பண்ணினான். சாம்பல் போய்ப் பொத்தான் கறுத்திருந்தது. அவன் மூக்கைச் சொறிந்துகொண்டு, "ஆமா, பக்கத்துல வந்துட்டமில்ல," என்றான்.

ஆனால் முப்பத்தொன்பது ஜிபிதான் காட்டியது. சாந்தாமணி திரும்பிப் பார்த்தாள். நாலு ஆட்டோ, சோளம், மேசை, பெஞ்சு, இளநீர் வண்டி, கிளி.

"எடுங்க," என்றாள். "எல்லாத்தையும் எடுங்க."

"எங்கம்மா கொண்டுபோய் வெக்கறது?" என்றார் மில்லுக்காரர்.

"போன வாரம் எங்க வெச்சீங்களோ அங்க."

அன்வர் பாய்தான் முதலில் எழுந்தார். நாச்சிமுத்துவுக்கு முப்பது வருஷமாகச் சட்டை தைத்தவர் அவர், கடைசியாகக் கல்யாணத்துக்குத் தைத்ததும் அவர்தான். மேசையையும் பெஞ்சையும் அவர் எடுத்ததும் திரையில் பத்தொன்பது கூடியது. அதைப் பார்த்த பூக்காரம்மா கூடையோடு நகர்ந்தாள், இரண்டு கூடியது. ஆட்டோக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போகப் போக, எண்ணிக்கை ஏறுவதைப் பார்க்கிற ருசியில் ஒருவன் மில்லுக்காரரோடு சேர்ந்து சோளத்தையும் அள்ளினான். நாய் மட்டும் எழவில்லை. அதைச் சாந்தாமணியே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் வீதியோரம் வைத்தாள். நாய்க்கு மூன்று ஜிபி. எட்டரை மணிக்கு இருநூற்று முப்பத்திரண்டும் சேர்ந்தது. எக்ஸ்போர்ட்டைப் போட்டுவிட்டு, டேபிளைச் சுற்றி ஒரு ஆள் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, வெயிலில் குடை பிடித்துக்கொண்டு மெஷின் பக்கத்தில் நின்றாள்.

பத்து சதவீதம். முப்பது. எதிர்ச்சாரியில் கூடிய சனம் நகரவில்லை. அறுபதில் யாரோ மோர் கொண்டுவந்து ஓரத்தில் வைக்கப் போய் நாலு பேர் கத்தினார்கள். எண்பது ஆனபோது சாந்தாமணி குடையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள். தொண்ணூறு. தொண்ணூற்றொன்றில் நின்றது.

இடம் போதவில்லை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பின்னாலிருந்து டங் டங்கென்று சத்தம் கேட்டுத் திரும்பினாள். இடத்தின் பின்மூலையில், எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கவுன்சிலர் சின்னராசுவின் ஆட்கள் தரையைக் குத்தி இரும்புக் கம்பம் நட்டு, சுற்றிலும் சிமெண்டுக் கலவையைக் குழப்பிக்கொண்டிருந்தார்கள்.

"காலியாத்தானம்மா கெடக்குது," என்றார் சின்னராசு. "ஒரு கொடிக்கம்பந்தான். ஓரமாத்தான நடறோம்."

சாந்தாமணி குடையைக் கீழே போட்டாள். "காலியாக் கெடக்குதா?" என்றாள். "காலியா இருக்குதுன்னு யாரு சொன்னது உங்களுக்கு? பதினோரு வருசம் ஒருத்தரு ஓரமாத்தான் இருந்தாரு எனக்கு. ஓரமா உக்காந்தாரு, ஓரமாத் தின்னாரு, ஓரமாச் செஸ் ஆடுனாரு, நான் நடக்கறதுக்கு எடமில்லாமப் போச்சு. இன்னைக்கு ஒருநாளைக்கு இந்த எடத்துல ஒரு மனுசன் இருக்கோணும். நாளைக்கு அவருக்குக் காரியம். அவருக்கு விடுங்க. கொஞ்சம் அக்கட்டால போங்க, உங்களக் கும்பிட்டுக்கறன்."

கும்பிடவில்லை. நேராகப் போய்க் கம்பத்தைக் கட்டிப்பிடித்து ஆட்டத் தொடங்கினாள். ஈரச்சிமெண்டு சேலையெல்லாம் அப்பியது, கம்பம் அசையவில்லை. சின்னராசுவின் ஆட்கள் பெண்பிள்ளையைத் தொடுவதா என்று விலகி நின்றார்கள். அப்போது பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. நாற்பது வருஷத் துரு உதிர, ருக்மணியம்மா அந்த மூன்றடி அறைக்குள் போய், வௌவால் புழுக்கை ஒட்டிய கடப்பாரையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"தள்ளு சாந்தாமணி," என்றார். "இத அடியில குடுத்து நெம்போணும். கட்டிப் புடிச்சா வருமா?"

எழுபது வயசுக்காரி கடப்பாரையைப் போடுவதைப் பார்த்து அன்வர் பாய் ஓடிவந்தார், அவருக்குப் பின்னால் ஆட்டோக்காரர்கள் வந்தார்கள், கம்பம் பிடுங்கிக்கொண்டு வந்து வீதியில் விழுந்தது. சின்னராசு செருப்பைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், நாச்சிமுத்து எனக்கும் வேண்டப்பட்டவர்தான் என்று சொல்லிவிட்டு, கலவைச் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

சாந்தாமணி முதலிலிருந்து போட்டாள். இந்தத் தடவை சனமே இடத்தைச் சுற்றிக் காவல் நின்றது. சாயங்காலம் ஐந்து மணிக்கு நூறு என்று வந்தபோது அவளுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், சேலையில் சிமெண்டு காய்ந்திருக்க அப்படியே படுத்தாள். படம் நூற்றெண்பத்தெட்டு ஜிபி எடுத்துக்கொண்டதால் வெள்ளிக்கிழமை காலையில் அந்த வெற்றிடம் மூன்றடிக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தது. மெஷின் அதற்குள் நெருக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. கச்சேரி வீதிக்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

நாச்சிமுத்து வீட்டில் பந்தல் போட்டு, வெள்ளைத்துணி கட்டி, காரியம் முடிந்து சாப்பிட்டுக் கைகழுவிய சனம் உட்கார்ந்திருந்தது. படம் ஓடியது. மணமேடையில், பந்தியில், வாசலில், கேமரா திரும்பிய இடமெல்லாம் ஒரு உள்ளங்கை வந்து வந்து மறைத்தது, ஒவ்வொரு தடவையும் சனம் அழுதுகொண்டே சிரித்தது. நாலாவது மணி நேரத்தில் அந்த இடம் வந்தது. சமையல்கட்டுக்குப் போகிற வழியில் சாந்தாமணி கேமராவை ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு மறந்துபோன இடம். பதினொரு நிமிஷம். வேறு யாராவது கேட்டிருந்தால் முதல் வெட்டு அதில்தான் விழுந்திருக்கும். அன்வர் பாய் தைத்த புதுச்சட்டையில், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் மடிக்காத வெற்றிலையோடு, மகளைக் கட்டிக்கொடுத்த களைப்பில் நாச்சிமுத்து தூங்கிக்கொண்டிருந்தார். கை மறைக்கவில்லை. மூச்சு ஏறியது, இறங்கியது.

வாசலில் தாமதமாக வந்த யாரோ செருப்பைக் கழற்றிக்கொண்டே, எத்தனை மணிக்குப் படைத்தார்கள் என்று சத்தமாக விசாரித்தார்கள். பதினாறு நாளாக மகளோடு தவிர யாரோடும் பேசாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்துவின் மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டினார்.

"மெதுவாப் பேசுங்க," என்றார். "இப்பத்தான் கண்ணசந்தாரு."

வாசலில் நின்றவர்கள் வாசலிலேயே நின்றார்கள். தூணோரம் நின்றிருந்த சாந்தாமணி தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பதினொரு நிமிஷமும் பந்தலுக்குள் யாரும் கால்கூட மாற்றி வைக்கவில்லை.